திரை போட்ட காரும் பலகை அடித்த டெண்டரும்

நான் வேலை பார்த்த மாடல் செக்‌ஷனில் இப்போது இருக்கும் பிள்ளைகள் அவ்வப்போது வீட்டுக்கு வருகிறார்கள். ஏதோ ஒரு மாடல் கிட்டில் சக்கரம் பொருந்தவில்லை என்று ஆரம்பிப்பார்கள். காப்பி குடித்து முடிப்பதற்குள் பேச்சு வேறு இடத்துக்குப் போய்விடும். “ஐயா, பெத்த மகனுக்கு எதிரா மாடல் செஞ்சீகளாமே, நெசமா?” என்று போன மாதம் ஒருவன் கேட்டான். கூட வந்தவன் கேள்விப்பட்டது வேறு. மகனைக் காப்பாற்ற நான் மாடல் என்ஜினின் கரிவண்டியை, அதாவது டெண்டரை, உயர்த்திக் கட்டினேன் என்று ரயில்வே காலனியில் பேச்சாம். இரண்டும் சரியில்லை. பேச்சு இப்படி இரண்டு பக்கமும் வளர்வதைப் பார்த்தால், நடந்ததை நடந்தபடி நானே எழுதி வைப்பது நல்லது என்று தோன்றுகிறது. ஓய்வு பெற்றுவிட்டேன், கையில் நேரமும் இருக்கிறது.

பள்ளி இறுதி முடித்து, டிராயிங் படித்து, மதுரையில் ஒரு மில்லின் வரைபடப் பிரிவில் சில ஆண்டுகள் குப்பை கொட்டினேன். அறுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் மாடல் செக்‌ஷன் ஆரம்பித்தார்கள். மாணவர்களுக்கு என்ஜினின் உள்ளுறுப்புகளைக் காட்டவும், பொருட்காட்சிக்கு அனுப்பவும், வெளியார் கேட்டால் அளவு மாதிரி செய்து கொடுக்கவும் அந்தப் பிரிவு. எனக்கு வேலை கிடைத்தது. ஊருக்குப் பக்கம், வயலையும் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். என்ன வேலை என்று கேட்ட பெரியப்பாவுக்கு விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதாவது சொப்பு செய்யப் போற” என்றார். ஓய்வு பெறும் வரை எங்கள் ஊரில் என் உத்தியோகப் பெயர் அதுதான்.

செக்‌ஷனுக்கு முதலில் வந்த கிட்டுகள் ஒரு செட்டியார் வீட்டிலிருந்து வந்தவை. மலேயாவில் இருந்து திரும்பியவர் ஒருவர், இங்கிலாந்தில் செய்த கிட்டுகளை ஆசையாக வாங்கி, பிரிக்காமலே பீரோவில் அடுக்கி வைத்திருந்தார். அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் அவற்றைக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்கள். பெட்டிக்குள் ஒரு என்ஜினோ பழைய காரோ துண்டு துண்டாக இருக்கும். ஒட்டியும் பற்றவைத்தும் நாம்தான் சேர்க்க வேண்டும். என்ஜினும் காரும் ஒரே அளவு: நிஜத்தில் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு. அதனால் இரண்டையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தலாம், கண்ணை உறுத்தாது. அந்தச் சௌகரியம் பிற்பாடு என் தலையில் விடிந்தது.

கிட்டில் வருவது இங்கிலாந்து என்ஜின். அதன் சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலம் நம் மீட்டர் கேஜைவிட அதிகம். அதை அப்படியே ஒட்டி வைத்தால், காரைக்குடி ஜங்ஷனில் தினமும் வண்டி பார்க்கிற மாணவன் சிரிப்பான். ஆகவே அடிச்சட்டத்தைக் கம்பி ரம்பத்தால் நெடுக அறுத்து, நடுவில் ஒரு கீற்றை எடுத்துவிட்டு மறுபடி பற்றவைப்போம். கிட்டின் வார்ப்பு ஈயம் கலந்தது. பற்றவைக்கும் இரும்பில் சூடு கொஞ்சம் கூடினால் போதும், அழகான ஒரு கைப்பிடி கண்ணெதிரே கூழாகிவிடும். பக்கச் சுவர்களைப் பித்தளைத் தகட்டில் புதிதாக வெட்டுவோம். ரிவெட் வரிசைக்குக் கிராமபோன் ஊசி. தகட்டைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் ஊசியை நிறுத்தி, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. முன்பக்கம் கடுகில் பாதி அளவுக்கு ஒரு மொட்டு எழும்பும். தட்டு கூடிவிட்டால் ஓட்டை, தகடு வீண். ஒரு டெண்டர் சுவருக்கு இப்படி வரிசை வரிசையாகத் தட்டி முடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது ஒரு மொட்டுகூட வரிசை தப்பாமல் இருந்தால், அன்றைக்கு எனக்குச் சாப்பாடே வேண்டாம்.

எங்கள் செக்‌ஷன் தலைவர் ஞானமுத்து சார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எப்போதும் வெள்ளை பேன்ட், வெள்ளைச் சட்டை. மாடலைக் கையால் தொடவே மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிவார். பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்று வைத்திருப்பார். அதை என்ஜின் அடியிலும் கார் சீட்டுக்குப் பின்னாலும் விட்டு, யாரும் பார்க்கப் போவதில்லை என்று நாம் நினைத்து விட்ட இடத்தைத்தான் முதலில் பார்ப்பார். நன்றாக இருக்கிறது, இல்லை என்று எதுவும் சொல்ல மாட்டார். ஒரே ஒரு கேள்விதான்.

“இது எந்த என்ஜின் ராமசாமி?”

முதல் தடவை நான் அந்த ரகத்தின் பெயரைச் சொன்னேன்.

“அது ஜாதிப் பேர். நான் ஆளைக் கேட்கிறேன். எந்த ஷெட்டுல நின்னது, எந்த வருஷம், புகைபோக்கியில சொட்டை இருந்துச்சா, விளக்கை மாத்தினாங்களா? என்ஜின்னு பொதுவா ஒண்ணு உலகத்துல கிடையாது. அந்த என்ஜின்னுதான் உண்டு.”

அதிலிருந்து கிட்டோடு வரும் வரைபடத்தை நம்புவதை விட்டேன். ஒரு என்ஜின் செய்ய வேண்டுமானால் போய் அந்த என்ஜினைப் பார்ப்பேன். ஒரு பழைய காரைச் செய்ய வேண்டுமானால், அந்த வீட்டுக்காரர்கள் அதில் என்னென்ன மாற்றினார்கள் என்று விசாரிப்பேன். செட்டிநாட்டுக் கார்கள் கம்பெனியிலிருந்து வந்தபடி இருந்ததே கிடையாது. ஒன்றில் மேல் கேரியர், ஒன்றில் படியில் பித்தளைப் பட்டி, ஒன்றில் பெண்டுகளுக்காகப் பின் ஜன்னலில் திரை. அதையெல்லாம் கிட்டில் ஏற்றுவதுதான் எங்கள் வேலை. நாங்கள் திருத்திச் செய்த முதல் மீட்டர் கேஜ் என்ஜினைச் சென்னைப் பொருட்காட்சியில் பார்த்த ஒரு கிழ டிரைவர், “அட, இது என் வண்டியாச்சே” என்று கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றுவிட்டாராம். சாருக்கு அந்தச் செய்தி வந்தபோது என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு, “பின் படியில பெயின்ட் ஒரு பக்கம் தடிப்பா இருக்கு” என்றும் சொன்னார்.

எழுபதுகளின் நடுவில் அந்த விபத்து.

என் மகன் முருகேசன் அப்போது ரயில்வேயில் ஃபயர்மேன். என்ஜினில் கரி அள்ளிப் போடுகிற வேலை. அவன் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி கிடையாது. வண்டி தாமதம் என்றால் வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பேன். நான் என்ஜினோடு வாழ்ந்தவன்தான். ஆனால் என் என்ஜின் யாரையும் இடிக்காது.

ஒரு கிளைப் பாதையின் கடைசி ஸ்டேஷனில் என்ஜினைத் திருப்ப வசதி இல்லை. அங்கிருந்து திரும்பும்போது என்ஜின் பின்புறமாகவே ஓடி வரும். அதாவது கரியும் தண்ணீரும் சுமக்கிற டெண்டர் முன்னால், ஆட்கள் நிற்கும் கேபின் பின்னால். டெண்டரில் குவித்த கரிக்கு மேலாகத்தான் பாதையைப் பார்க்க வேண்டும். அன்று கூட வர வேண்டிய இன்னொரு ஃபயர்மேன் வரவில்லை. டிரைவர் அந்தோணியும் முருகேசனும் மட்டும். வழியில் ஆளில்லாத ஒரு லெவல் கிராசிங். சாலை அங்கே தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டாமல் சாய்வாகப் போகும். கீழச்சிவல்பட்டியிலிருந்து பிள்ளையார்பட்டிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் கார், போருக்கு முந்திய பெரிய மாரிஸ், தண்டவாளத்தில் ஏறியபோது டெண்டர் அதை இடித்தது. முன் சீட்டில் இருந்த லெட்சுமணன் செட்டியார் அங்கேயே போய்விட்டார். கார் டிரைவருக்குக் கால் முறிந்தது. செட்டியாரின் மனைவி ஆச்சி பின் சீட்டில் இருந்தார்; அவருக்கு நெற்றியில் காயம்.

விசில் கொடுத்தது எல்லாருக்கும் கேட்டிருந்தது. அதில் சண்டை இல்லை. கேள்வி ஒன்றுதான். கார் வந்த பக்கம் ஃபயர்மேன் நிற்கிற பக்கம். அவன் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தானா? பார்த்திருந்தால் கார் முன்னதாகவே தெரிந்திருக்குமே, சத்தம் போட்டிருந்தால் அந்தோணி பிரேக் பிடித்திருப்பாரே? கார் தண்டவாளத்தில் ஏறிய பிறகுதான் தெரிந்தது என்றான் முருகேசன். அதை யாரும் நம்பவில்லை. வேலை போகும், வழக்கும் வரும் என்றார்கள்.

விசாரணை அதிகாரி, இடத்தையும் என்ஜினையும் காரையும் அளவு மாதிரியாகச் செய்து தரும்படி எங்கள் கல்லூரியைக் கேட்டார். ஞானமுத்து சார் தாளை என்னிடம் நீட்டினார். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

“இதை நான் செய்யக் கூடாது சார். அந்த ஃபயர்மேன் என் பையன்.”

அவர் தாளை மறுபடி ஒரு தடவை படித்தார். பிறகு, “இந்த ஜில்லாவுல வேற யாரு செய்வா?” என்றார். அவரே அதிகாரிக்கு உள்ளதை எழுதினார். பதில் வந்தது: செய்யலாம், ஆனால் அளவு எல்லாம் சார் எடுக்க வேண்டும், நான் என்ஜினையோ இடத்தையோ போய்ப் பார்க்கக் கூடாது, விபத்தைப் பற்றி மகனோடு பேசக் கூடாது.

தற்காலிக நீக்கத்தில் முருகேசன் வீட்டில்தான் இருந்தான். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு, நெல் விலை, பக்கத்து வீட்டு மாடு என்று பேசினோம். என் மனைவி பாக்கியத்துக்குத்தான் பொறுக்கவில்லை.

“ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு கோர்ட்டு. வாய்தாவும் இல்ல, தீர்ப்பும் இல்ல” என்றாள். ஒரு நாள் அவன் வெளியே போயிருந்தபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஏங்க, கரி கூடுதலா இருந்தா அவனுக்குத் தெரிஞ்சிருக்காதுல்ல?”

“அதப் பேசாத.”

“நான் பேசுறேன், நீக கேட்டுக்கிருங்க. ரெண்டு மில்லிமீட்டர் ஏத்திச் செஞ்சா எந்த ஆபீசரு கண்டுபிடிக்கப் போறாரு? இத்தனை வருசமா இந்த மில்லிமீட்டரக் கட்டிக்கிட்டுத்தானே அழுதீக. ஒரு தடவ அது நமக்கு உதவட்டுமே.”

அவள் சொன்னதைத் தப்பு என்று சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. ரெண்டு மில்லிமீட்டர் என்றால் நிஜத்தில் மூன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வேலை தொடங்கியது. நான்கு மேசைகளை நீளவாக்கில் ஒட்டிப் போட்டு, சார் எடுத்து வந்த அளவுப்படி பாதையையும் சாலையையும் போட்டோம். சாலையோரம் ஒரு புளியமரம் இருந்தது. அதையும் அதன் இடத்தில் நட்டோம். டெண்டரைத் தாளில் உள்ள அளவுப்படி கட்டி முடித்தேன். நிஜக் கரியை இடித்து, டீ வடிகட்டியில் சலித்து, பசை தடவிக் குவித்தேன். சார் தன் பல் கண்ணாடியை ஃபயர்மேன் நிற்கிற இடத்தில் கண் உயரத்தில் பொருத்தினார். காரைப் புளியமரத்தடியில் வைத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். கார் தெரிந்தது. பளிச்சென்று, முழுசாகத் தெரிந்தது.

மறுபடி ஒரு தடவை பார்த்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இந்த மாடல் இப்படியே போனால் என் பையன் பொய்யன், குற்றவாளி. அதைவிட மோசம், எனக்கு ஒன்று தெரியும். அந்த ஷெட்டில், கரி கூடுதலாக ஏற்றுவதற்காக டெண்டர் விளிம்பில் பலகை அடித்திருக்கிறார்கள் என்று விபத்துக்கு வெகு நாள் முன்பு முருகேசனே சாப்பாட்டின்போது சொல்லியிருக்கிறான். தொழிற்சாலை வரைபடத்தில் அந்தப் பலகை கிடையாது. சாருக்கு வந்த தாளிலும் கிடையாது.

“சார், டெண்டரைப் பத்தி ஒண்ணு சொல்லணும்” என்றேன்.

“சொல்லாதீங்க.”

“இல்ல சார், அது…”

“ராமசாமி, உங்க வாயிலிருந்து வந்தா அது அப்பன் சொன்னது. நாளைக்கு விசாரணையில நிக்காது. நீங்க சொல்ல வாயெடுத்ததே எனக்குப் போதும். டெண்டர் அளவை நான் டிராயிங்கைப் பார்த்து எடுத்தேன். அந்த டெண்டரைப் பார்க்கல. உங்களுக்குப் பாடம் எடுத்தவன் நான்.”

மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு, என்ஜினைச் சீல் வைத்து நிறுத்தியிருந்த ஷெட்டுக்குப் போனார். மாலையில் திரும்பி வந்தபோது, அவரை அழுக்குச் சட்டையில் அன்றுதான் பார்த்தேன். முழங்கால் வரை கரி. டெண்டரின் புது அளவை வரைந்து என் மேசையில் வைத்தார். நான்கு பக்கமும் பலகை. உயரம், பலகையின் கனம், எந்த மூலையில் ஒரு பலகை பிளந்திருந்தது என்பது வரை போட்டிருந்தார். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. அப்படியே கட்டினேன். ரெண்டு மில்லிமீட்டரை நினைத்துக்கொண்டே கட்டினேன், ஆனால் கோட்டில்தான் வெட்டினேன்.

அதே வாரம் ஆச்சி வந்தார். கார் கிட் அந்த ரகத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒன்று. முன்முகத்தை அறுத்து மாற்றி, மேல் கேரியர் வைத்து முடித்திருந்தேன். அந்த வீட்டுக் காரின் பழைய படம் கேட்டு ஆள் அனுப்பியிருந்தோம். படத்தை யாரிடமும் கொடுத்து அனுப்பாமல், தம்பி மகனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அவரே வந்துவிட்டார். வெள்ளைச் சேலை. நெற்றியில் தழும்பு ஆறியும் ஆறாமலும் இருந்தது. மேசையில் நின்ற காரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இந்தக் கலருதான். மழையில நனைஞ்சா இன்னும் கொஞ்சம் கறுத்துத் தெரியும்” என்றார். பிறகு, “திரை இல்லையே” என்றார்.

“படத்தில் இல்லைங்க ஆச்சி.”

“படம் எடுத்தப்பக் கழத்தியிருந்தாக. பின் ஜன்னல் ரெண்டுக்கும் பச்சைத் திரை. அன்னைக்கு வெயில்னு நான்தான் அங்குட்டு இழுத்து விட்டேன். ரயிலு அந்தப் பக்கமிருந்துதான் வந்துச்சு. எங்க டிரைவரு திரும்பிப் பார்த்தாலும் திரைதான் தெரிஞ்சிருக்கும்.”

கூட வந்த பையன், “அத்தே, அதெல்லாம் எதுக்கு இங்க…” என்று இழுத்தான்.

“நீ சும்மா இரு. இருந்ததச் சொல்றேன்.” என் பக்கம் திரும்பினார். “திரைய வச்சுருங்க. மறைச்சுச் செய்யாதீக.”

புறப்படும்போது வாசலில் நின்று, “அந்தக் கரி போடுற பையனுக்கு அப்பா அம்மா இருக்காகளா?” என்று கேட்டார்.

பொய் சொல்ல நேரமில்லை. “நான்தான் ஆச்சி அப்பா.”

அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. பையன்தான் ஓர் அடி முன்னால் வந்தான். ஆச்சி அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அப்ப உங்க வீட்டுலயும் அடுப்புச் சரியா எரிஞ்சிருக்காது” என்றார். படியிறங்கிப் போய்விட்டார்.

பச்சைப் பட்டுத் துணியில் நூல் பிரித்து மெல்லியதாக்கி, இரண்டு திரை வெட்டி ஒட்டினேன். அதைச் செய்யும்போதுதான் ஃபயர்மேன் பொம்மையை எடுத்துப் பார்த்தேன். கிட்டில் வரும் மனிதப் பொம்மைகள் விறைப்பாக நிற்கும், ஒரே வார்ப்பு. ஒரு ஃபயர்மேன் அப்படி நிற்க மாட்டான். குனிவான், திரும்புவான், கேபின் பக்கவாட்டில் உடம்பை வெளியே நீட்டிப் பார்ப்பான். அதிகாரி கேட்ட தாளில் பொம்மையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. விறைப்பாகவே விட்டுவிட்டால் என்னை யாரும் கேட்க மாட்டார்கள். நான் அதை இடுப்பில் அறுத்து, நடுவில் ஊசித் துண்டு ஒன்றைச் செருகி, எந்தப் பக்கமும் சாயும்படி செய்தேன். ஏன் என்று அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. அந்த ஆச்சி போன பிறகு விறைத்த பொம்மையை வைக்க எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். சார் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். இடுப்பு மூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எந்த என்ஜின் என்ற கேள்வியை அன்று அவர் கேட்கவில்லை.

விசாரணை ஸ்டேஷனை ஒட்டிய ஒரு கூடத்தில் நடந்தது. மாடலை நடுவில் பரப்பினோம். ஒரு பக்கம் அந்தோணியும் முருகேசனும், அவர்களுக்குத் துணையாக யூனியன்காரர் ஒருவரும். எதிர்ப்பக்கம் ஆச்சியும் அவர்கள் வக்கீலும். ரயில்வே தரப்பில் ஓர் அதிகாரி. விசாரணை அதிகாரி சென்னையிலிருந்து வந்தவர், வயதானவர். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, கண்ணாடிக்கு நேராகக் குனிந்தார்.

“காரைப் புளியமரத்துக்கிட்ட வையுங்கள்.”

சார் வைத்தார்.

“கார் தெரியவில்லை. கரியும் பலகையும்தான் தெரிகிறது. நகர்த்துங்கள்… இன்னும்… இன்னும்…” முன் சக்கரம் தண்டவாளத்தைத் தொட்டபோது, “இப்போது தெரிகிறது” என்றார். நிமிர்ந்து பலகையைத் தொட்டுப் பார்த்தார். “இது டிராயிங்கில் இல்லையே?”

“என்ஜினில் இருக்கிறது. நான் அளந்தேன்” என்றார் சார்.

முருகேசன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. யூனியன்காரர் அவன் தோளைத் தட்டினார். அவன் சொன்னது உண்மை என்று ஆகிவிட்டது. அதோடு எழுந்து போயிருந்தால் வீட்டில் அன்று பாயசம்தான்.

ரயில்வே அதிகாரி எழுந்தார். “பொம்மை நேராக நிற்கிறது. டெண்டர் முன்னால் போகும்போது ஃபயர்மேன் வெளியே சாய்ந்து பார்க்க வேண்டும் என்பது விதி. சாய்ந்திருந்தால் தெரியுமா, தெரியாதா? அதை இந்த மாடல் காட்டுமா?”

சார் என்னைப் பார்த்தார். “பொம்மையைச் செய்தவர் இவர். அவர் காட்டுவார்.”

கூடத்தில் நான் யாருடைய அப்பா என்று தெரியாதவர்கள் யாரும் இல்லை. சின்ன இடுக்கியான சாமணத்தை எடுத்தேன். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பொம்மையின் தோளைப் பிடித்து வெளியே சாய்த்தேன். கண்ணாடியை அதன் தலைக்கு நேராக நகர்த்தினேன். காரை மறுபடி புளியமரத்தடியில் வைத்துக் குனிந்தேன். பலகைக்கு வெளியே, சாய்ந்து வரும் சாலையில், பச்சைத் திரை போட்ட கார் நின்றது.

“தெரியும்” என்றேன். “சாய்ந்தால், புளியமரத்திலிருந்தே தெரியும்.”

விசாரணை அதிகாரி தாமும் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். பிறகு முருகேசன் பக்கம் திரும்பினார்.

“நீங்கள் சாய்ந்து பார்த்தீர்களா?”

யூனியன்காரர் அவன் காதில் ஏதோ சொன்னார். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இல்ல சார். சாயல. கையில ஷவல் இருந்துச்சு. கரி அள்ளிக்கிட்டிருந்தேன்.”

“கிராசிங் வருகிறது என்று தெரிந்துமா?”

“தெரியும் சார்.”

அந்தோணி எழுந்தார். பெரிய மீசைக்காரர், குரல் கட்டியிருந்தது. “நான்தான் போடச் சொன்னேன் சார். ஏத்தம். ஸ்டீம் இறங்கிருச்சு. இன்னொரு ஆளு இருந்தா அவன் போட்டிருப்பான், இவன் பார்த்திருப்பான். ஒத்த ஆளு ரெண்டு வேலை செய்ய முடியாது. சொன்னது நான்.”

வக்கீல் ஏதோ கேட்க எழுந்தபோது ஆச்சி வேண்டாம் என்று கையால் காட்டினார்.

முடிவு பின்னால் தபாலில் வந்தது. முருகேசனுக்கும் அந்தோணிக்கும் எச்சரிக்கையோடு சம்பள உயர்வு ஒரு வருடம் நிறுத்தம். வழக்கு இல்லை. டெண்டர் பலகைகளைக் கழற்ற உத்தரவு. ஆள் குறைவாக அந்தப் பாதையில் வண்டி விடக் கூடாது என்று ஒரு விதி. அந்தக் கிராசிங்கில் இப்போது கேட் இருக்கிறது, கேட் கீப்பர் இருக்கிறார். முருகேசன் இன்றும் என்ஜினில்தான் இருக்கிறான். வண்டி தாமதமானால் நான் இன்றும் வாசலில் நடக்கிறேன். பாதையோரம் நின்று ஒரு என்ஜின் பின்புறமாக ஓடுவதைப் பார்த்தால், யாராவது சாய்ந்து பார்க்கிறார்களா என்றுதான் இன்றும் முதலில் பார்க்கிறேன்.

விசாரணை முடிந்து அன்று வெளியே வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. டவுன் பஸ்ஸுக்காக நானும் அவனும் நின்றோம். தடை நீங்கிவிட்டது, பேசலாம். ஆனால் எதை முதலில் பேசுவது என்று தெரியவில்லை. அவன்தான் ஆரம்பித்தான்.

“சாஞ்சு பார்த்தேன், ஒண்ணும் தெரியலன்னு சொல்றதாத்தான் இருந்துச்சுப்பா. யூனியன்காரரு அதத்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. பலகை இருக்குல்ல, யாரு கண்டாங்கன்னாரு. நானும் சரின்னு இருந்தேன்.”

நான் அவனைப் பார்த்தேன்.

“நீக என் முன்னாடி நின்னு, தெரியும்னு சொன்னீக. அதுக்கப்புறம் அத எப்படிச் சொல்றது.”

அவன் பஸ் வருகிற திசையைப் பார்த்தான். பொம்மையை நான் அறுக்காமல் விட்டிருந்தால், என் பிள்ளை அந்த ஆச்சி முன்னால் பொய் சொல்லித் தப்பித்து, பொய்யோடு வாழ்நாள் முழுக்க வண்டி ஓட்டியிருப்பான். நானும் சந்தோஷமாகப் பாயசம் குடித்திருப்பேன். முப்பது வருட வேலையில் நான் செய்ததிலேயே சின்னத் துண்டு அந்த ஊசி. அதைப் போல எதையும் நான் உருப்படியாகச் செய்ததில்லை.

வீட்டுக்குப் போனபோது பாக்கியம் வாசலிலேயே நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

“என்ன ஆச்சு? யாராச்சும் வாயத் தொறந்து சொல்லுங்களேன்.”

நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே அவன் சொல்லட்டும் என்று இருந்தேன்.

“அப்பா மாடல நல்லாச் செஞ்சிருந்தாகம்மா” என்றான் முருகேசன்.